துறைமுகம் மூடியிருக்கிறது

தெமூக்கோவில் பஸ் ஏறும்போது
கேக் வட்டமாகத்தான் இருந்தது.

ஒசோர்னோவில் ஓட்டுநர் போட்ட பிரேக்கில்
சற்றே முட்டையானது.
புவெர்த்தோ மொன்ட் தாண்டி
அமாரோ வாந்தியெடுக்க,
பை தேடிய அவசரத்தில்
என் முழங்கை பட்டு
அண்ணன் பெயரின் வால்
க்ரீமோடு போயிற்று.
எலெயுத்தேரியோ
இப்போது வெறும் எலெயுத்தே.
ஐம்பது வயதுக்காரனுக்கு இது போதும்
என்று மூடியைச் சாத்தினேன்.

பர்குவா. படகுத்துறை.
காற்று அதிகமாம், மூடிவிட்டார்கள்.
எங்கள் முன்னே ஒன்பது பஸ்,
எண்ணிக்கையில்லாமல் லாரிகள்,
ஐஸ் உருகி ஒழுகும் சால்மன் வண்டி ஒன்று.
எதிரே தீவு.
அரைமணி நேரத் தண்ணீர், அவ்வளவுதான்.
மழை கொஞ்சம் விட்டபோது
சகாவோவின் விளக்குகள் தெரிந்தன.
அதில் ஒன்று அவன் வேன்.

"தெரியுதா?" என்றான் போனில்.
"அணைச்சு அணைச்சுப் போடறேன் பாரு."
எது என்று தெரியாமலே
"தெரியுது" என்றேன்.

பிறகு பேசினோம்.
பதினோரு வருடம் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்
"நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கேன்" சொன்ன இரண்டு பேர்
காற்றுக்குக் கத்திக் கத்திப் பேசினோம்.
அப்பாவின் படகை என்னைக் கேட்காமல் விற்றது
தப்புதான் என்றான்.
அவன் மகள் கல்யாணத்துக்கு
எனக்கு லீவு கிடைக்காமல் இல்லை,
நானாகத்தான் வரவில்லை என்றேன்.
இருட்டில் அவன் மூக்குறிஞ்சுவது கேட்டது.
ஜலதோஷம் என்றான்.
எனக்கும் என்றேன்.
"இன்னொண்ணு சொல்லணும் உனக்கு,
அந்தப் படகு வித்த பணத்துல..."
என்றபோது
என் போன் செத்தது.

காலை ஆறு மணிக்குக் கடல் திறந்தது.
கடற்சிங்கத்தைப் பார்த்த அமாரோ
வாந்தியை மறந்து தளம் முழுக்க ஓடினான்.
அக்கரையில் அண்ணன்
முன்னைவிடக் குட்டையாக நின்றான்.
இறுக்கிக் கட்டிக்கொண்டோம், கேக் நடுவில்.
அத்தோடு அதன் வடிவப் பிரச்சினை தீர்ந்தது.

முதல் நாள் நோல்பா அண்ணி
சிப்பியும் பன்றியும் உருளையுமாகப்
பானை நிறைய ஆக்கிப் போட்டாள்.
இரண்டாம் நாள்
மிச்சத்தைச் சுடவைத்தாள்.
அடுப்படியில் நானும் அவனும்
எதிரெதிரே உட்கார்ந்து மாத்தே உறிஞ்சினோம்.
பணத்தைப் பற்றி அவன் எடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
மேஜை அகலம் மூன்று சாண்,
கத்திப் பேசத் தேவையில்லாத தூரம்.
அதனாலோ என்னவோ
பேச்சே வரவில்லை.
மழையைப் பற்றிப் பேசினோம். அங்கே அதற்குப் பஞ்சமில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது
தீவுக்கும் பொருந்தும்.
மூன்றாம் நாள் காலை
ஈர விறகை யார் அடுப்பில் வைத்தது என்று தொடங்கி
"நீ எப்பவும் இப்படித்தான்" வரைக்கும் போனது.
வீடு முழுக்கப் புகை.
அமாரோ கதவைத் திறந்துவைத்துவிட்டு
நாயிடம் போய் உட்கார்ந்துகொண்டான்.

திரும்பும்போது காலடியில்
அண்ணன் கட்டிய உருளைக்கிழங்கு மூட்டை.
ஊதா, கருப்பு, விரல்போல் கோணல்.
மண்ணைக்கூட உதறவில்லை.
முடிச்சை மட்டும்
படகு கட்டுகிற முடிச்சாகப் போட்டிருந்தான்.
அவிழ்க்க எனக்குத் தெரியாது,
அப்பா அவனுக்கு மட்டும்தான் சொல்லித் தந்தார்.

போனில் முழு சார்ஜ்.
கையிலேயே வைத்திருந்தேன்.
துறை திறந்திருந்தது.
கடல் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது,
இருபத்தெட்டு நிமிடத்தில் அக்கரை.

கொஞ்சம்
காற்று அடித்திருக்கலாம்.