பால் கணக்கு நோட்டு

குலசேகரத்துக்கு மேலே, எஸ்டேட்டின் ஒன்பதாம் நிரையில்
விழுந்து கிடந்தார் றசலையன்.
தலைவிளக்கு அணையாமல் இருந்ததால்
சீக்கிரம் கண்டுபிடித்தோம் என்றார்கள்.
நெஞ்சுவலி. முப்பத்தொன்பது வயது.
அன்று வெட்டிய மரங்கள்
பத்து மணிவரை சிரட்டைகளில் சொட்டின.
எடுக்க ஆளில்லாமல் உறைந்தது பால்.

ஜெபின் அழவில்லை.
பையன் வாயே திறப்பதில்லை என்று
டீச்சர் ஆள் அனுப்பினாள்.

அவன் மடியில் எப்போதும் ஒரு காமிக்ஸ்.
மார்த்தாண்டம் சந்தையின் பழைய பேப்பர் கடையில்
எடை போட்டு அவர் வாங்கியது.
அட்டை கிழிந்துபோய்
முகமூடிக்காரனுக்குப் பெயர்கூட இல்லை.
பைண்டிங்கில் பக்கம் மாறி
பதினாலில் செத்தவன்
பதினேழில் சாயா குடிக்கிறான்.
"அச்சுத் தப்பு" என்றேன்.
"தெரியும்" என்றான்.
பதினெட்டு நாளில் அவன் பேசிய முதல் சொல்.
அப்பனும் மகனும்
ஏற்கெனவே சிரித்து முடித்த தப்பு அது.

பிறகுதான் நோட்டைப் பார்த்தேன்.
பால் கணக்கு எழுதும் நோட்டு.
பின்பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தான்.
முதல் கட்டம் முழுக்க இருட்டு,
பென்சில் தேய்ந்து தாள் பளபளத்தது.
அடுத்ததில் ஒரு விளக்கு.
அதற்கடுத்ததில் விளக்குக்குக் கீழே ஒரு மூக்கு,
இடப்பக்கம் கொஞ்சம் வளைந்து.
அவர் மூக்கேதான்.
வாயிலிருந்து ஒரு பேச்சுக்குமிழ்.
உள்ளே ஒன்றுமில்லை.
பக்கம் பக்கமாய்க் காலிக் குமிழ்கள்.

"அப்பா என்ன சொல்லுகாரு மக்களே?"

"தெரியாதும்மா.
நான் ஒறங்கிக் கெடந்தேன்."

நான் உறங்கவில்லை.
மூன்று மணிக்குக் கதவருகே நின்று
அவர் சொன்னதை ஃபாதரிடம் சொன்னதில்லை,
மாமியாரிடமும்.
கடைசிச் சொல்லென்றால் ஒரு கனம் வேண்டாமா?
கேட்டவர்களிடமெல்லாம்
ஜெபம் பண்ணிட்டுப் போனாரு என்று
சொல்லி வைத்திருந்தேன்.

பென்சிலை வாங்கி
முதல் குமிழில் எழுதினேன்:
'ஏட்டி, ஆசிட் குப்பிய எங்க வச்ச?'

எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"பெறகு?"

"ஜன்னல்ல இருக்குன்னு சொன்னேன்."

"அப்பம் ஒனக்கும் ஒரு குமிழ் வேணும்."
கட்டத்தின் மூலையில்
பாயில் புரண்டபடி, தலை கலைந்து,
கோபமாக என்னை வரைந்தான்.
சரிதான்.
கோபமாகத்தான் சொன்னேன்.

இப்போது நாளுக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு மரம்.
அவசரமில்லாமல் வெட்டிக்கொண்டு போகிறார் றசலையன்.
குமிழ்களில் என்னென்னவோ பேசுகிறார்,
ஷீட் விலை,
அட்டைக்கடி,
மகனுக்கு வாங்க வேண்டிய செருப்பு.
பாதி எனக்குத் தெரிந்தது,
பாதியை ஜெபின் எங்கிருந்து எடுக்கிறானோ.

நேற்று எட்டாம் நிரை முடிந்தது.
இரவு வெகுநேரம்
நோட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தான்.
காலையில் திறந்து பார்த்தேன்.
கட்டம் கொள்ளாமல் மழை,
சாய்ந்த கோடுகளாக ஓரம் தாண்டி வழிந்திருந்தது.
மழையென்றால் வெட்டு கிடையாது.
கத்தியைத் துடைத்துக்கொண்டு
இறங்கி வருகிறார்.

பென்சில் டப்பாவில் அழிரப்பர் இருக்கிறது,
நான் தொடவில்லை.
அன்றைக்கு மழை இல்லை.
அவனுக்கும் தெரியும்.