இருபது மில்லி

குறிப்பேட்டில் நேற்று எழுதியது:
காலைத் தேநீர் நூற்றிருபது.
மாத்திரைகளுக்கு அறுபது.
சூப்பில் தண்ணீர் எவ்வளவு என்று
சினாலேய் சண்டை போட்டதால் உத்தேசமாக நூறு.

மழை மட்டும் கணக்கில் இல்லை.
ஆப்பியாவில் மழை என்றால்
வானத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி.
தகரக் கூரை, சேம்பிலை, சாக்கடை, கடல்
எல்லாம் வயிறு முட்டக் குடிக்கின்றன.
ஜன்னலோரம் உட்கார்ந்து
உலர்ந்த உதட்டை உலர்ந்த நாக்கால் தடவிக்கொள்கிறேன்.

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினேன்.
மரத்தால் கட்டிய உடம்பு, கிளிப்பச்சைப் பெயின்ட்,
பின் ஜன்னல் அதிர அலறும் ஸ்பீக்கர்.
இப்போது திங்கள், புதன், வெள்ளி
அதே பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போகிறேன்.
ஓட்டுவது பெலெனாதோ. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவன்.
என்னிடம் டிக்கெட் காசு வாங்க மாட்டான்.
அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இடது கையில்
இரண்டு ரத்தக்குழாய்களைக் கோத்துத் தைத்த இடத்தில்
ராப்பகலாய் ஓர் அதிர்வு.
காதோடு வைத்தால்
நியூட்ரலில் நிற்கும் இன்ஜின்.
எங்கேயும் போகவில்லை.
அணையவும் இல்லை.

நோய் வந்த வருடம் சபையார் வந்தார்கள்.
எண்ணெய் பூசினார்கள், தலையில் கை வைத்தார்கள்.
அத்தனை கை, அத்தனை சூடு.
சிறுநீரகத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.
"விசுவாசம் குறைவோ?"
டீக்கன் மாத்தாயோ மெதுவாகத்தான் கேட்டார்.
மூன்று மாதம் நான் கோவில் பக்கம் போகவில்லை.

அப்புறம் அந்த ராத்திரி.
ஞாயிறு விருந்துக்கென்று குலையோடு இறக்கி வைத்த இளநீர்.
சொந்த வீட்டில் திருடனாய் இறங்கி
நான்கை வெட்டி
மார்பில் வழிய வழியக் குடித்தேன்.
விடியும் முன் இதயம்
பல் உடைந்த கியராய் உதறியது.
"பொட்டாசியம்" என்றாள் நர்ஸ் லோசா.
திட்டவில்லை. ஊசியைத் தேடிக்கொண்டே
"ரொம்பத் தாகமா இருந்ததா?" என்றாள்.

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.
எடை என்ன, சுகமாகிவிட்டதா, நம்பிக்கை இருக்கிறதா,
இவைதான் கேட்டார்கள்.

எதிர்ச் சுவரில் சிலுவை.
ஆஸ்பத்திரிச் சிலுவை, பிளாஸ்டிக், கொஞ்சம் கோணல்.
ஆணியடித்தவர்களை மன்னித்து,
அம்மாவை ஒருவரிடம் ஒப்படைத்து,
பக்கத்தில் தொங்கியவனுக்கும் இடம் சொல்லிவிட்டு
கடைசியில் அவருக்கும் நா வறண்டது.
கடலைப் படைத்தவருக்குக் கிடைத்தது
கடற்காளானில் தோய்த்த காடி.
சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது,
அந்த இடத்தை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

நான் குணமாகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபையில் திராட்சரசத்துக்குப் பதில் இளநீர்.
என்றைக்கும் அப்படித்தான்.
வெள்ளை லாவாலாவா கட்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
தட்டை நீட்டியது மாத்தாயோ.
விரல்நுனி அளவுக் கிண்ணங்கள்,
ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அவர் கை நடுங்கியது.
"எவ்வளவு இருக்கும்?" என்றேன்.
"பதினைந்து மில்லி. லோசாவிடம் கேட்டுவிட்டேன், குடிக்கலாமாம்."
அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது.
நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பேட்டில்: ஞாயிறு, பதினைந்து.
வேறெந்த வரியிலும் என் கையெழுத்து
இவ்வளவு நன்றாக இல்லை.

இன்று அந்தியில் சங்கு ஊதினார்கள்.
ஊர் முழுக்க ஜெப நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை.
சினாலேய் கரண்டியில் ஓர் ஐஸ்கட்டி கொண்டுவந்தாள்.
இன்றைய மிச்சம், இருபது மில்லி.
நாவில் வைத்துக் கண்ணை மூடினேன்.
கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.
அது கரைகிற வரைக்கும்தான் என் ஜெபம்.
கடிக்க மாட்டேன்.

வெளியே மழை.
கையில் இன்ஜின்.