நிழல் விழாத துணி

அக்டோபரில் என் ஸ்டுடியோவில் கூட்டம்.
கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை,
அமெரிக்கக் குலுக்கல்.
காரா நகரத்தில் பாதிப் பேர்
என் வெள்ளைப் படுக்கைவிரிப்பின் முன்னால்
உட்கார்ந்து எழுந்து போவார்கள்.
கண்ணாடியைக் கழற்று. சிரிக்காதே.
காது தெரியட்டும். பின்னால் நிழல் விழக்கூடாது.
நிழல் விழுந்தால் ஆளையே தள்ளிவிடுவார்களாம்.

படம் காயுமுன் எதிர்க்கடை கஸ்பாரிடம் ஓட்டம்.
மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி,
சுவரில் சுதந்திர தேவி, மூக்கில் ஈரக்கறை.
இரண்டாயிரம் ஃபிராங்க் வாங்குவான்,
படிவம் நிரப்புவான்,
முடிவில் திரையில் வரும் உறுதி எண்ணை
நீல அட்டை நோட்டில் தானே குறித்துக்கொள்வான்.
"உனக்கெதற்கு? தொலைத்துவிடுவாய்."
தலையாட்டிவிட்டு வருவார்கள்,
வீட்டைப் பூட்டி
சாவியைப் பூட்டு விற்றவனிடமே கொடுத்த மாதிரி.

எஸொசினாமுக்கு விழுந்தது.
வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன்.
மே மாதம் கஸ்பார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான்,
ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான்,
அது பாதி குறைந்ததும் சொன்னான்:
பதினைந்து லட்சம் கொண்டா, எண்ணைத் தருகிறேன்.
முடியாதா,
சிமெண்ட் வியாபாரியின் மகளைக் கட்டிக்கொள்.
காகிதத்தில்தான். செலவெல்லாம் அவர்களுடையது.

அப்படித்தான் மஸாலோ என் கடைக்கு வந்தாள்,
வாடகை கவுனில், பித்தளை மோதிரத்தில்,
புருஷன் பேரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு.

மூன்று வருடக் காதலை
ஒரு மத்தியானத்தில் எடுத்து முடித்தேன்.
சட்டையை மாற்று, இது போன வருடம்.
பின்னலை அவிழ்த்துவிடு, இது அதற்கும் முந்தியது.
கிட்டே வா. இன்னும். பொண்டாட்டிதானே.
வாசலில் அவனுடைய நிஜப் பெண்சாதி,
தோளில் அவன் கழற்றிப் போட்ட சட்டைகள்.
படிவத்தில் கஸ்பார் எழுதாமல் விட்ட குழந்தை
ஒவ்வொரு ஃபிளாஷுக்கும்
அவள் மடியிலிருந்து கைதட்டியது.

லோமேயில், தூதரகத்தில்,
இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்களாம்:
அவர் எந்தக் கையால் சாப்பிடுவார்?
வலது கை என்றாள் மஸாலோ.
ஊரெல்லாம் சாப்பிடுகிற கைதானே.
அதிகாரியின் மேஜைமேல் என் படங்கள்.
போன வருடமும் இடது கையில் கோப்பை,
அதற்கு முந்தின வருடமும் இடது கையில் கரண்டி.
அவன் இடது பக்கம் போய்
அவற்றை நீட்டியவள் நான்.
வேண்டுமென்றே நீட்டினேனா?
இன்றைக்கும் தெரியவில்லை.

அவனுக்கு இனி எந்த வருடமும் கிடையாதென்று
எழுதியே கொடுத்துவிட்டார்கள்.
சவாரிக்குத் திரும்பிவிட்டான். என்னைக் கண்டால்
ஹாரன் அடிப்பான். திட்டா வணக்கமா,
ஹாரனில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
கஸ்பாரின் போர்டுக்குப் புதுச் சாயம்:
வெற்றி உறுதி.

இந்த அக்டோபர், நள்ளிரவு,
நெட் மலிவாகிற நேரம்,
துணிக்கு முன்னால் நானே உட்கார்ந்தேன்.
பத்து விநாடி டைமர். சிரிக்கவில்லை.
பெயர்: சிலாலோ. பிறந்த ஊர். பிள்ளைகள் எத்தனை?
இரண்டு என்று போட்டேன், இரண்டும்தான்.
பிறகு பணம் கட்டும் பக்கத்தைத் தேடினேன்.
மேலே, கீழே, மறுபடி மேலே.
அரை மணி நேரம்.
அப்படி ஒரு பக்கமே இல்லை.
இத்தனை வருடம் இந்த ஊர்
இல்லாத கதவுக்குச் சுங்கம் கட்டியிருக்கிறது.

எண் வந்தது. முட்டைக் கணக்கு நோட்டில்
பால்காரியின் பாக்கிக்கு அடியில் எழுதினேன்.
மறுநாள் படமெடுக்க வந்தவர்களிடம் சொன்னேன்.
இருவர் கேட்டார்கள். மற்றவர்கள்
சில்லறையை எண்ணிக்கொண்டு
தெருவைக் கடந்தார்கள்.
அதற்குள் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று
எனக்கு மூன்று மெயில்,
மூன்றிலும் வேறு வேறு வங்கிக் கணக்கு.
திறந்த கையோடு அழித்தேன்.

மே மாதம் நானே எண்ணை அடித்தேன்,
ஒவ்வொரு எழுத்தாக, விரல் நடுங்க.
தேர்வாகவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் நடுவில் நிற்காமல்
நேராக என்னிடம் சொல்லப்பட்ட இல்லை.
பிறகு எழுந்து
துணியிலிருந்த தூசியை உதறினேன்.
வாசலில் ஒருத்தன்,
சீப்பால் தலையை வாரிக்கொண்டு,
எந்தப் பக்கம் பார்க்கணும் என்றான்.