இடைப்பட்ட வேகம்

கரையில் ஒரு மரப்பலகை. மூன்றே விதி.
ஒன்று: இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிடு.
உலகம் முழுக்கக் கட்டச் சொல்கிறார்கள்.
இங்கே எஸ்டோனியாவில், பிப்ரவரியில்,
உறைந்த கடலின் மேல் மட்டும்
அவிழ்க்கச் சொல்கிறார்கள்.
எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு: முன்வண்டிக்கு இருநூற்றைம்பது மீட்டர் பின்னால் வா.
மூன்றாவதைத்தான் வெளியூர்க்காரர்கள்
திரும்பவும் ஒருமுறை படிப்பார்கள்.
மணிக்கு இருபத்தைந்துக்குக் கீழே போ,
இல்லையேல் நாற்பதுக்கு மேலே போ.
நடுவில் போகாதே.

கால்யோ துளைக்கருவியோடு நிற்கிறார்.
"முப்பத்தொரு சென்டிமீட்டர்" என்கிறார்,
தன் வீட்டுக் கதவின் தடிமனைச் சொல்வதுபோல.
"எங்கே டாக்டரம்மா, இருட்டப் போகிறதே?"
"தாவெட் பண்ணை. முஸ்திக் பசு.
கன்றின் முன்னங்கால் மடங்கிக் கிடக்கிறது."
வீவே என்று என் பெயரை நோட்டில் எழுதுகிறார்.
அக்கரையில் ஒருவர் அதைக் கோடிட்டு அடிப்பார்.
அடிக்காவிட்டால் தேடி வருவார்கள்.

இருபதில் போகிறேன்.
வண்டிக்குக் கீழே பனித்தட்டு
கயிற்றுக் கட்டில்போல் சற்றே தொய்கிறது.
அந்தத் தொய்வு கூடவே வருகிறது.
அதிலிருந்து ஓர் அலை கிளம்பி
பனிக்கு அடியில், கண்ணில் படாமல்,
எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது.
பத்து மீட்டர் ஆழம் இங்கே.
பத்து மீட்டர் ஆழத்தில் அலை
மணிக்கு முப்பத்தைந்து போகும்.
அதற்கு அவசரமில்லை, சோம்பலும் இல்லை.
ஆழம் சொன்ன வேகம் அது.

மெதுவாகப் போனால் அது என்னைத் தாண்டிவிடும்.
விரைந்தால் நான் அதைத் தாண்டிவிடுவேன்.
அதனோடு சேர்ந்து போனால்தான் வினை.
என் எடை அழுத்துவதெல்லாம்
எனக்குக் கீழேயே சேர்ந்துகொண்டு
வட்டிக்கு வட்டியாய் ஏறும்.
பிறகு பனி மொத்தமாய்க் கேட்கும்.

இருபத்தாறு கிலோமீட்டர் கடல்.
அறுபதில் இருபத்தாறு நிமிடம்.
இருபதில் ஒன்றேகால் மணிக்கு மேல்.
முஸ்திக்குக்கு அவ்வளவு நேரமில்லை.

ஆகவே நடுவைக் கடக்க வேண்டும்.
கடப்பதில் தவறில்லை, தங்குவதில்தான்.
தார்ச்சாலையில் இது ஒரு கொட்டாவி நேரம்.
பனியில் டயருக்குப் பிடி பத்தில் ஒரு பங்கு;
அழுத்தி மிதித்தால் சக்கரம்தான் சுற்றும்,
வண்டி நின்று வேடிக்கை பார்க்கும்.
எட்டு வினாடி வேண்டும், பொறுமையான எட்டு.

இருபத்தெட்டு. முப்பத்தொன்று.
முப்பத்துமூன்றில் டீசல் இருமியது.
குளிரில் மெழுகாகிக் குழாயில் அடைத்திருக்கும்.
முப்பத்துநான்கில் முள் நின்றுவிட்டது.

எஞ்சினின் தள்ளலும் எதிர்ப்பும் சமம்.
சமம் என்ற சொல்லை
அதற்குமுன் நான் வெறுத்ததில்லை.
நிகரவிசை சுழியமானால்
பொருள் அதே வேகத்தில் தொடரும்:
பள்ளியில் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்த வரி.
அடியில் எங்கோ
நீளக் கம்பியொன்றைச் சுண்டியதுபோல் ஒலி.
பின்கண்ணாடியில், நான் வந்த தடத்தில்,
ஈரமாய் ஒரு கறுப்புக் கோடு.

பிரேக்கில் கால் வைத்தால் சறுக்கும்.
மிதித்தால் மறுபடி இருமும்.
காலை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.
முப்பது. இருபத்தேழு. இருபத்திரண்டு.
அலை என்னைக் கடந்து போனது.
கண்ணாடியில் தொங்கிய பைன் மர அட்டை
ஒருமுறை முன்னும் பின்னும் ஆடியது,
யாரோ வணக்கம் சொல்லிவிட்டுப் போனதுபோல.

இருபத்திரண்டிலேயே போனேன்.
போனை மடியில் வைத்துக் கத்தினேன்:
"தாவெட், முதலில் கன்றை உள்ளே தள்ளு.
குளம்பை உள்ளங்கையால் மூடு. இப்போது நிமிர்த்து.
கயிறு கட்டிவிட்டாயா? இரு, இழுக்காதே.
அவள் முக்கும்போது மட்டும் இழு.
அவள் நிறுத்தினால் நீயும் நிறுத்து.
அவளோடு சேர்ந்து, தாவெட்,
அவளோடு சேர்ந்து."

அவனுடைய மூச்சு, அவளுடைய மூச்சு,
எந்தது எதென்று பிரிக்க முடியவில்லை.
பிறகு ஈரச் சாக்கு விழுந்ததுபோல் ஒரு சத்தம்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு தும்மல்.

அக்கரைக்காரர் டார்ச்சோடு நின்றார்.
என் பெயரை அடித்தார்.
"தாமதம்" என்றார்.
ஆமாம் என்றேன்.
கன்று எனக்கு முன்பே கரையேறியிருந்தது.

தரை வந்ததும்
பட்டையை இழுத்து மாட்டினேன்.
மூன்றாவது முயற்சியில்தான்
கை நடுங்காமல் மாட்டிற்று.