ஒன்பது கட்டளைகளுக்கும் பொதுவானவை

ஹட்டனில், பேக்கரிக்கு மேலுள்ள அறையிலிருந்து
ஒன்பது கையேட்டுப் பக்கங்கள் எழுதினேன்.
கொழுந்து நிறுக்க ஒரு கட்டளை, தண்ணீர்க் கழிவுக்கு ஒன்று,
செக்ரோலில் ஏற்ற, முற்பணம் பிடிக்க, இப்படி.
கடைசியில், அரைப்பேர் போட.
நிரல் பண்டாரவளை விமலேந்திரனுடையது.
ஒரே இரவில் ஆயிரம் வரி அடிப்பான்,
விளக்கமாய் ஒரு வாக்கியம் கேட்டால்
கடைவாய்ப்பல் வலிக்கிறது என்பான்.

எல்லாவற்றுக்கும் பொதுவான தெரிவுகள் நான்கு.
-உ என்றால் உதவி.
-தி, திகதி.
-அ, அமைதி: வேலையைச் செய், பேசாதே.
-பா, பார்க்க மட்டும்: என்ன நடக்குமென்று காட்டு, எதையும் தொடாதே.

ஒன்றையே ஒன்பது தடவை எழுத எனக்கென்ன பைத்தியமா?
பத்தாவதாய் ஒரு பக்கம் திறந்து 'பொது' என்று தலைப்பிட்டேன்.
மற்றவற்றின் அடியில் ஒரே வரி:
பொதுத் தெரிவுகளுக்குப் பொதுப் பக்கம் பார்க்க.
ஓரிடத்தில் திருத்தினால் ஒன்பதும் திருந்தும்.
விமலேந்திரன் கட்டைவிரல் படம் அனுப்பினான்.
கீழே இறங்கி இரண்டு மாலு பணிஸ் வாங்கித் தின்றேன்.

எங்கள் பக்கம் பேர் என்றால்
கூப்பிடுவதற்கு மட்டுமல்ல. ஒரு நாள் கூலி.
பேர் விழும். பேர் வெட்டுப்படும். நிறை குறைந்தால்
பேர் பாதியாகும்.

டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில்
கிளாக்கர் டொமினிக், பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு முன்
அரைப்பேர்க் கட்டளையின் பக்கத்தைத் திறந்தார்.
அது பொதுப் பக்கத்தைக் காட்டியது. போனார், படித்தார்.
கவனமான மனிதர். முதலில் பார்த்துவிடுவோம் என்று
மூன்றாம் மலைக்கு -பா போட்டார்.

அந்த ஒரு கட்டளையில் மட்டும்
-பா என்றால் பாதி.

விமலேந்திரன் அதைத்தான் முதன்முதலில் எழுதினான்,
மற்ற எட்டும் பிறக்காத காலத்தில்.
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
எட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு
ஒன்பது என்று எழுதினேன்.

அன்று மூன்றாம் மலையில் கொழுந்தெடுத்தவர்கள் பதினேழு பேர்.
விழுந்தது எட்டரைப் பேர்.

ஜெயகொடி, சோப்பு உறையின் உட்பக்கம்
நாளுக்கு நாள் தன் கிலோவைக் குறித்து வைத்திருந்தவள்,
உறையோடு ஆபீசுக்கு வந்தாள்.
"இருபத்திரண்டு கிலோ, ஐயா. எங்க பாதி?"

எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.
நான் வளர்ந்த தோட்டத்தில் பதினான்கு லயத்துக்கும் ஒரே விலாசம்.
பல்கலைக்கழக அனுமதிக் கடிதம்
பதினொரு நாள் ஆபீஸ் மேசையில் கிடந்தது,
பொதுவில்.

காசு அடுத்த சம்பளத்தோடு திரும்பியது.
-பாவை மாற்றிவிடு என்றேன். முடியாது என்றான்:
மூன்று தோட்டங்கள் பாதி என்றே நம்பி
ஒவ்வொரு மாதமும் ஓட்டுகின்றன.
ஆகவே எழுதத்தான் வேண்டும்.

மூலத்தில் நான்கு தெரிவும் இப்போதும் ஒரே கோப்புத்தான்.
ஆனால் அச்சாகும்போது ஒவ்வொரு பக்கத்திலும் முழுதாக ஊற்றப்படும்;
யாரும் எங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.
அரைப்பேர்ப் பக்கத்தில் மட்டும்
நான்காவதைத் தூக்கிவிட்டு, தலைப்புக்கு நேர் கீழே:
இங்கே -பா பார்ப்பதற்கு அல்ல. வெட்டும்.
'வெட்டும்' கையேட்டு நடை இல்லையாம்.
இருக்கட்டும் என்றேன்.

நேற்று டொமினிக் போன் எடுத்தார்.
-அ போட்டால் பிழையையும் சொல்லாதா, தங்கச்சி?

தெரியாது. உண்மையாகவே தெரியாது.
ஒன்பது கட்டளை, நான்கு தெரிவு,
முப்பத்தாறு தடவை நானே அடித்துப் பார்க்கிறேன்.
மழை பிடித்துவிட்டது, கரண்ட் நிற்குமோ போகுமோ.
ஏழாவது கட்டளைக்கு இல்லாத கோப்பொன்றைக் கொடுத்து
-அ போட்டேன்.

ஒன்றும் சொல்லவில்லை.
விமலேந்திரனுக்கு அடித்தேன். அவனும்.
எட்டாவது.