ஒரு எட்டு

சமாதானபுரம் பட்டறையில்
கல்லறைக் கல்லுக்குப் பேர் வெட்டும் மெஷினை
நான்தான் ஓட்டுகிறேன்.
வைரமுனை ஊசி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய்,
ஊசியை நகர்த்த மூன்று மோட்டார்.

ஒவ்வொன்றுக்கும் நாலு வயர்.
கறுப்பும் பச்சையும் ஒரு சுருள்,
சிவப்பும் நீலமும் இன்னொன்று.
இதற்குக் கொடுத்த கரண்டை அதற்கு மாற்றினால்
நடுவிலிருக்கும் ஐம்பது பல் காந்தம்
ஒரு எட்டு வைக்கும். நிற்கும்.
இருநூறு எட்டு வைத்தால் ஒரு முழுச் சுற்று.
இருநூற்றெட்டு இல்லை.
போன மாசம் புதுப் பையன் அப்படிப் போட்டு
ஒரு சாமுவேல் கொஞ்சம் நீண்டு போனார்.

நிற்கும்போதும் சும்மா நிற்காது,
பிடித்துக்கொண்டு நிற்கும்.
வேலையில்லாத நேரம் தொட்டுப் பாருங்கள்,
கை சுடும்.

கண் கிடையாது அதற்கு.
நாற்பது போ என்றால்
நாற்பதும் போனதாகவே கணக்கு.
வழியில் கல் இடறி இரண்டு தவறினால்
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
கரண்டு போய் வந்தால் இருந்த இடமே மறந்துபோகும்.
மூலைச் சுவிட்சில் போய் முட்டி
மறுபடி சைபரிலிருந்து.

சவரிராயன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
மனைவி பேர் எமரென்சியா.
'ரெ' வளையும்போது தலை நிமிர்ந்தார்.
"இது எங்கனயோ கேட்ட சத்தம்லா?"

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ராத்திரியெல்லாம் சிரிஞ்சைத் தள்ளுமே ஒரு பெட்டி,
அதற்குள்ளும் இதே சாதி மோட்டார்தான், சின்னது,
மணிக்கு ரெண்டு மில்லி மருந்து என்றேன்.
"அதான்" என்றார்.
பிறகு, "ஒரு எட்டு வீட்டுக்குப் போயி
குளிச்சிட்டு வாங்கன்னா.
போனேன்."

கரண்டு போயிற்று.

குழாய்த் தண்ணீர் மட்டும் கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது.
முக்கால் மணி நேரம்.
ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறவிட்டுக் குடித்தார்.

சுவிட்சில் கல்தூசி அடைந்திருந்ததை
நான் பார்த்திருக்க வேண்டும்.
'ன்' தொடங்கி மிச்சப் பேரெல்லாம்
ஒரு மில்லி கீழே இறங்கிவிட்டது.
நாற்பது எட்டு.

ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தார்.
கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்தார்.
வேறு கல்லில் போட்டுத் தருகிறேன் என்றேன்.
"வேண்டாம், இதுவே கெடக்கட்டும்."

இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டு
மீதியை மேஜையில் வைத்தார்,
எச்சில் தொட்டு
ஒவ்வொரு தாளாக.