காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

விலகுவதற்குக் காரணம் கேட்கிறது.
ஆறு கொடுத்திருக்கிறார்கள், ஒன்றைத் தொட வேண்டும்.
அதிக நேரம் போகிறது.
அறிவிப்புகள் தொல்லை தருகின்றன.
எனக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது.
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
பதினோரு வருசமாய் ஊருக்கெல்லாம்
காரணம் தட்டச்சு செய்து கொடுப்பவள் நான்,
மேற்படி, மேற்கண்ட, ஆகவே ஐயா அவர்கள் என்று
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பஸ் பைக்காரா தாண்டுகிறது.
என் காரணம் அந்த ஆறில் இல்லை.

கணக்கின் பெயர் மனுக்காரி.
திங்கள்கிழமை குறைதீர் நாளில் வருகிற கூத்தையெல்லாம்
மதியச் சோற்றுக்கு முன்னால் போட்டுவிடுவேன்.
பன்னிரண்டாயிரம் பேர் காத்திருப்பார்கள்.
எழுமலைக்கு மேற்கேயிருந்து ஒச்சப்பன் கொண்டுவந்த
பென்சில் தாளையும் அப்படித்தான் போட்டேன்.
எங்கள் பக்கம் ழகரம் ரொம்பத் தாராளம்,
ள வந்தாலும் இடம் கொடுக்கும், ல வந்தாலும்.

"ஐயா எங்க வீட்டுக்கு வலி இல்லை.
அப்பா காலத்தில் இருந்த வலியை
மேகாட்டுக்காரர் கம்பி போட்டு அடைத்துவிட்டார்.
வலி கேட்டு மூன்று தடவை மனுக் கொடுத்தும்
இன்றுவரை வலி கிடைக்கவில்லை.
ஐயா மனசு வைத்து
நிரந்தர வலி ஏற்படுத்தித் தர வேண்டும்."

பெயரை விரலால் மறைத்துத்தான் எடுத்தேன்.
ஊரை மறைத்தேன்.
கையெழுத்து மறைக்க வேண்டிய சாமானாக
எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் சிரிப்பு.
'எனக்கு ரெண்டு பார்சல்' என்று ஒருவர்.
'கல்யாணம் பண்ணிக்கங்க, தானா கிடைக்கும்' என்று ஒருவர்.
அதற்கு நான் இதயம் போட்டேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில்
அவர் மகள் பார்த்திருக்கிறாள்.
பள்ளிக்கூட லீவு லெட்டரெல்லாம்
அந்தக் கையில் எழுதி வாங்கிப்போன பிள்ளை.

அடுத்த திங்கள் அவர் வந்தார்.
அதே ஸ்டூல், அதே உரக்கம்பெனிப் பை.
"தாயி, இன்னொரு மனு.
நான் எழுதுனத யாரோ படமெடுத்துப்
போட்டுச் சிரிச்சிருக்காக."
யாரென்று தெரியுமா என்று கேட்டேன்.
என் குரல் ரொம்ப ஒழுங்காக இருந்தது.
"தெரியலயே. உள்ள ஆபீஸ்ல எவனாச்சும் இருக்கும்.
வேற யாரு கையிலயும் நான் தாளக் குடுக்கல,
ஒங்கள விட்டா."

ஒங்கள விட்டா என்பதை
அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

தட்டினேன்.
பொருள்: அடையாளம் தெரியாத நபர் மீது நடவடிக்கை கோருதல்.
மேற்படி நபர் ஐந்து இடத்தில் வந்தார்.
ஓர் எழுத்துப் பிழை இல்லை.
வழி என்று வந்த இடத்தில் மட்டும் குனிந்து
"இதுல எந்த ல தாயி போடணும்" என்றார்.
காட்டினேன். ஸ்கிரீனில் அந்த ழ-வின் மேல்
விரலால் ஒருதரம் எழுதிப் பார்த்துக்கொண்டார்.
"அந்த ஆளு கெடச்சா என்ன செய்வாக?"
எடுத்துவிடச் சொல்வார்கள்.
"அம்புட்டுத்தானா?"
அவ்வளவுதான்.
காசு வேண்டாம் என்றேன்.
"ஓசியில எழுதுன மனு பலிக்காது" என்று
கீபோர்டின் மேல் வைத்தார்
மூன்று பத்து ரூபாய், நீளவாக்கில் மடித்தது.

பட்டியலின் கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று.
தொடுகிறேன்.
தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா?
நிரந்தரம் என்ற சொல்லை
அவர் பிழையில்லாமல்தான் எழுதியிருந்தார்.

முப்பது நாளுக்குள் மனசு மாறினால்
திரும்பி வரலாம் என்கிறது.
துக்க வீட்டில்கூட பதினாறுதான் கொடுக்கிறார்கள்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு கூட்டம் ஏறுகிறது.
பக்கத்தில் உட்கார்ந்த பெண்
செல்லைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.
எட்டிப் பார்க்கிறேன்.
பூனை, வாளிக்குள் விழுந்த பூனை.
இருந்தாலும் திருநகர் வரும்வரை
எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.